ஆடியில் சாத்தாத கதவு

திறந்து வைத்த மடிக்கணினியின் முதுகில் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம், ஓரத்தில் ஒரு செவ்வந்திப் பூ. முன்னால் வாழையிலையில் மஞ்சள் பிள்ளையார். இரும்புலியூரில் ஜிஎஸ்டி ரோட்டைப் பார்த்த ஒரு கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார வேண்டிய மேடையில் அந்தக் கணினியை உட்கார வைத்திருந்தார்கள். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ரத்தப் பரிசோதனை லேப் நடத்துகிறவர்கள், கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்கள், அவர்கள் வீட்டார். பந்திக்கூடத்திலிருந்து கேசரி வாசனை வந்துகொண்டிருந்தது. அது ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்த நாள். அந்த நல்ல நேரத்தில்தான் எங்கள் கம்பெனியின் மென்பொருள் கிளவுடில் குடியேறுவதாக ஏற்பாடு. இன்றைக்கும் எங்காவது ஒரு கணினியில் குங்குமப் பொட்டைப் பார்த்தால் எனக்குப் பக்தி வருவதில்லை, கோபம்தான் வருகிறது. அந்தக் கோபம் சாமி மேல் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துச் சின்னச் சின்ன லேப்களுக்கு நாங்கள் மென்பொருள் செய்து கொடுத்தோம். ரத்தம் கொடுக்க வருகிறவரின் பெயர், வயது, போன் நம்பர், என்ன பரிசோதனை, என்ன முடிவு எல்லாம் அதில்தான் ஏறும். கம்பெனியின் சொந்தக்காரரைச் சேர்மன் சார் என்போம். இரும்புலியூரின் பழைய குடும்பம். அவருடைய அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது அவருக்கு வாடகை வீடுகளும் கடைகளும் இந்த மண்டபமும் இருந்தன. அந்த வரிசையில் கடைசியாக வந்தது எங்கள் கம்பெனி. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு வாட்ச்மேன் அண்ணனுக்கும் எங்களுக்கும் ஒரே அளவு ஸ்வீட் பாக்ஸ்தான் கொடுப்பார். ஆனால் கம்பெனியை நடத்தியது அவரில்லை, அவருடைய மனைவியின் தம்பி. எம்பிஏ படித்தவர், மேனேஜர் என்று பதவி. எங்களுக்குள் அவர் பெயர் மச்சான் சார்.

நான் எழுத வந்தது இவர்கள் இருவரையும் பற்றி அல்ல, அக்காவைப் பற்றி. மென்பொருளுக்கும் நெட்வொர்க்குக்கும் பாதுகாப்பு பார்ப்பது அக்காவின் வேலை. நான் அங்கே டெஸ்டராக இருந்தேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற வேலை. மேற்குத் தாம்பரத்திலிருந்து அக்காவும் அஸ்தினாபுரத்திலிருந்து நானும் ஸ்கூட்டியில் வருவோம், பக்கத்துப் பக்கத்து மேசை. என்னைவிட அக்காவுக்குச் சில வயது கூட. அதற்காக எனக்குப் பாடம் எடுத்ததெல்லாம் கிடையாது. சண்டையும் போடுவோம், டப்பாவையும் மாற்றிக்கொள்வோம். ஆபீஸில் கேலிக்காரர்கள் அவரைச் 'செக்யூரிட்டி அக்கா' என்பார்கள். கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் அண்ணனுக்கு லீவு வேண்டுமானால் அக்காவிடம் கேட்கட்டும் என்று ஒருநாள் மச்சான் சாரே சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "அவர் ஒரு கேட்டைப் பாத்துக்கறார் சார். எனக்கு எத்தனை கேட் இருக்குன்னு உங்களுக்கே தெரியாது" என்றார்.

அது உண்மைதான். எங்கள் மென்பொருளில் பாதிக்கு மேல் நாங்கள் எழுதியதே இல்லை. உலகத்தில் யார் யாரோ எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்திருந்த துண்டுகளைக் கொண்டு கட்டியது. அதில் தப்பொன்றும் இல்லை, ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அப்படி எடுத்ததில் ஓட்டை இருப்பதாகச் செய்தி வந்தால், அடைத்துக் கொடுத்த புதிய பதிப்பை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அக்கா அதைக் கேட்கும்போதெல்லாம் மச்சான் சார் ஒரே பதிலைச் சொல்வார்: "ஓசியில வந்ததுக்கு இவ்ளோ சீர் செய்யணுமா?" எவனோ முகம் தெரியாதவன் தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்ததை வைத்துப் பிழைப்பு நடத்துகிறோம், அதற்கு ஓசி என்று பெயர் வைக்கிறோம். இந்த நன்றிகெட்டதனம் எனக்கு அன்றும் பிடிக்கவில்லை.

சேர்மன் சாருக்கு கிளவுட் என்றால் என்னவென்று அக்கா சொன்ன விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் வீடுகள் வாடகைக்கு விடுகிறவர். அதனால் அந்தப் பாஷையிலேயே சொன்னார். எங்கோ ஒரு பெரிய கட்டடம், அதில் நமக்கு ஒரு போர்ஷன் வாடகைக்கு எடுத்திருக்கிறோம், லேப் ரிப்போர்ட் எல்லாம் அங்கே இருக்கும், எங்கிருந்தும் எடுத்துப் பார்க்கலாம் என்றார். "அப்போ பூட்டு, காவல் எல்லாம் அவன் பார்த்துப்பானா?" என்று கேட்டார் சேர்மன் சார். "காம்பவுண்டு கேட்டை அவங்க பாத்துப்பாங்க சார். நம்ம போர்ஷன் கதவை நாமதான் பூட்டணும். நீங்களும் உங்க குடித்தனக்காரங்களுக்கு அப்படித்தானே சொல்வீங்க?" என்றார் அக்கா. சேர்மன் சார் தலையாட்டினார். அவருக்குப் புரியவில்லை என்று பிற்பாடு யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன், புரிந்தது.

மண்டபத்தில் நடந்தது இதுதான். குத்துவிளக்கு ஏற்றினார்கள், ஐயர் மந்திரம் சொன்னார், சேர்மன் சார் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினார். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பெரிய திரையில் ஒரு ரிப்போர்ட் வர வேண்டும். வரவில்லை. வராததற்குக் காரணம் எந்தக் கோளாறும் இல்லை. எங்கள் ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்தும், பதிவு செய்த லேப்களின் நெட்வொர்க்கிலிருந்தும் மட்டுமே ரிப்போர்ட் திறக்கும்படி அக்கா பூட்டியிருந்தார். மண்டபத்து வைஃபை அந்தப் பட்டியலில் இல்லை. முதல் நாளே ஆபீஸிலேயே விழாவை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதற்கு, ஆபீஸில் பந்தி போட முடியாது என்றார்கள். பூட்டு தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதை மெச்சவா போகிறார்கள்? கூட்டம் கசகசவென்று பேச ஆரம்பித்தது. ராகு காலம் நெருங்குகிறது என்று ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சேர்மன் சாரின் முகம் வேர்த்தது.

மச்சான் சார் ஓரத்தில் தன் கணினியைத் திறந்து எதையோ தட்டினார். 'அட்மின்' என்று ஒரு பொதுக் கணக்கு எங்களிடம் இருந்தது. யார் வேண்டுமானாலும் அதில் நுழைந்து எதையும் மாற்றலாம். அதை ஒழித்துவிட்டு ஆளுக்கொரு கணக்கு வைக்க வேண்டும் என்று அக்கா சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவும் நானும் மட்டும் எங்கள் பெயரில் கணக்கு வைத்திருந்தோம். மற்றவர்களுக்கு அட்மின்தான் வசதி, அதன் பாஸ்வேர்டு ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவிலேயே கிடந்தது. மச்சான் சார் அந்தக் கணக்கில் நுழைந்து, ரிப்போர்ட்கள் வைத்திருக்கும் இடத்தை ஊர் உலகத்துக்கே திறந்துவிட்டார். திரையில் ரிப்போர்ட் பளிச்சென்று வந்தது. கை தட்டினார்கள். யாரோ ஒரு பெரியவருடைய பெயர், வயது, சர்க்கரை அளவு, கொழுப்பு அளவு எல்லாம் ஆளுயரத்துக்குத் தெரிந்தது. "பெரியவரு ஸ்வீட்டைக் குறைக்கணும்" என்று முன் வரிசையில் ஒரு டாக்டர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மச்சான் சாரிடம் போய், "எப்படி சார் திறந்துச்சு?" என்று கேட்டார். "நேரத்துக்குத் திறந்துச்சுல்ல, அது போதும்மா. போய் டிபன் சாப்பிடுங்க" என்றார் அவர்.

மறுநாள் காலையில் ஆபீஸுக்கு வந்ததும், எப்படித் திறந்தது என்பதை அக்கா கண்டுபிடித்துவிட்டார். அதைவிட மோசம், திறந்த அந்த வழியை நம்பி, லேப்களிலிருந்து நோயாளிகளின் வாட்ஸ்அப்புக்கு ரிப்போர்ட் இணைப்புகள் போக ஆரம்பித்திருந்தன. பாஸ்வேர்டு எதுவும் கேட்காது. யார் தொட்டாலும் திறக்கும். தேடுபொறிக்காரர்கள் வந்து பொறுக்கிக்கொண்டு போகவும் தடையில்லை. சட்டென்று மூடினால் அந்த இணைப்புகள் நின்றுபோகும் என்பதால், நோயாளியின் போனுக்கு ஒரு எண் அனுப்பி அதைக் கேட்டுத் திறக்கிற மாதிரி மென்பொருளில் சின்ன மாற்றம் ஒன்றை அக்கா அன்றைக்கே தயார் செய்தார். நான் அதைத் தட்டிப் பார்த்தேன், அருமையாக வேலை செய்தது. மச்சான் சார் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் மதியச் சாப்பாட்டுக்குள் கதவு சாத்தியிருக்கும். அவர் சொன்னது வேறு. "நாளைக்கு ஆடி பொறக்குது. ஆடியில சேர்மன் சார் எதையும் மாத்த விடமாட்டார். ஆவணிக்குப் பாத்துக்கலாம்."

நான் ஆடி மாதத்தைக் குறை சொல்ல வரவில்லை. அக்காவின் வீட்டில் ஆடி வெள்ளி ஒன்றுகூடத் தவறாது. வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றி, பக்கத்து அம்மன் கோயிலில் தீச்சட்டி எடுக்கும் உறவுக்காரர்களுக்கு மோர் கொடுத்துவிட்டுத்தான் ஆபீஸுக்கு வருவார். நம்பிக்கை இருக்கிறவர்களின் நம்பிக்கையை அவர் ஒருநாளும் கிண்டல் செய்ததில்லை. அவர் கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது. "ஆடியில புதுசா ஒண்ணைத் தொடங்கக் கூடாதுன்னு சொல்வாங்க சார், சரி. திறந்து கிடக்கற கதவைச் சாத்தக் கூடாதுன்னு யார் சொன்னது?" உண்மையில் மச்சான் சாருக்கு ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது. அந்த ஆடித் தள்ளுபடியில்தான் அவர் புது பைக் வாங்கினார். மூடினால், ஏன் மூடினீர்கள் என்று லேப்காரர்கள் கேட்பார்கள். கேட்டால், யார் திறந்தது என்ற பேச்சு வரும். அவருடைய பயம் அதுதான். அதனால் தன் மாமாவான சேர்மன் சாரின் நம்பிக்கைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். லேப்களுக்கு அனுப்பிய மெயிலில் அதற்கு ஆங்கிலத்தில் 'சேஞ்ச் ஃப்ரீஸ்', அதாவது மாற்றத் தடை, என்று அழகாக ஒரு பெயரும் வைத்தார். உண்மையான பக்தனோடு சண்டை போட்டுப் பேசிப் புரிய வைத்துவிடலாம். பக்தி வேஷம் போட்டவனிடம் என்ன பேசுவது?

அக்கா விடவில்லை. ஆடிப்பெருக்கு வந்தது. ஆடியில் நல்ல காரியம் தொடங்கலாம் என்று ஊரே ஒத்துக்கொள்கிற ஒரு நாள். அன்றைக்கு நேராகச் சேர்மன் சாரின் அறைக்கே போய்க் கேட்பது என்று முடிவு செய்தார், நானும் கூடப் போனேன். மச்சான் சாரும் அங்கே உட்கார்ந்திருந்தார். அக்கா பழையபடி போர்ஷன், பூட்டு என்று ஆரம்பித்து, பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார். சேர்மன் சார் யோசித்தார். ஏறக்குறைய சரி சொல்லிவிடுவார் போலிருந்தது. அப்போது மச்சான் சார் குறுக்கே வந்தார். "மாமா, பதினெட்டாம் பெருக்கு. எது செஞ்சாலும் பெருகணும்னு செய்யற நாள். இன்னிக்குப் போய் ஒண்ணை மூடறதா?" சேர்மன் சாரின் முகம் மாறிவிட்டது. "அதுவும் சரிதான். இன்னிக்கு வேணாம்மா" என்றார். வெளியே வந்து நாங்கள் இருவரும் படிக்கட்டில் நின்றோம். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. தொடங்கக் கூடாத நாளிலும் மூட முடியாது, தொடங்கலாம் என்ற நாளிலும் மூட முடியாது. இந்தச் சாமர்த்தியத்தில் கால்வாசியை வேலையில் காட்டியிருந்தால் அந்தக் கம்பெனி எங்கேயோ போயிருக்கும்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு அப்பா வந்தார். மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், ஊர் சேலையூர். கையில் ஒரு தாளை மடித்து வைத்திருந்தார். லேபுக்குப் போய்க் கேட்டதற்கு, கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களைக் கேளுங்கள் என்று எங்கள் முகவரியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். மச்சான் சார் அவரைப் பார்த்ததும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்காதான் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் தாளை விரித்தார். அவர் மகளின் ரிப்போர்ட், இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்தது. மாத்திரை சாப்பிட்டால் சரியாகிற ஹார்மோன் பிரச்சினை, இந்தக் காலத்தில் எத்தனையோ பெண்களுக்கு இருப்பதுதான்.

"ஆவணியில முகூர்த்தம் வெச்சிகினுகீறோம்மா. பத்திரிகை அடிச்சாச்சு. மாப்ள வூட்டாண்ட எவனோ எம்பொண்ணு பேரைப் போட்டு நெட்டுல தேடிக்கீறான். இது வந்துகீது. பொண்ணுக்குக் கோளாறு கீது, மறைச்சிட்டீங்கன்னு சொல்லி நிறுத்திட்டாங்க" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. தாளைத் தடவிக்கொண்டே பேசினார். "டாக்டர் பாக்கணும்னு ரத்தம் குடுத்துச்சு எம்பொண்ணு. ஊரு பாக்கவா குடுத்துச்சு? அதை ஏம்மா ரோட்டுல வெச்சீங்க?"

அக்கா அவரிடம் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தார். தப்பு எங்களுடையது, இனிமேல் யாரும் பார்க்க முடியாமல் செய்துவிடுகிறேன், ஏற்கெனவே பார்த்ததை என்னால் மாற்ற முடியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த அப்பா தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அக்கா மேசைக்கு வந்தார். தன் பெயரில் இருந்த கணக்கில் நுழைந்தார். தயாராக வைத்திருந்த மாற்றத்தைப் போட்டார், கதவைச் சாத்தினார். தேடுபொறிகளுக்கு, சேர்த்து வைத்ததை நீக்கச் சொல்லி எழுதினார். பட்டப்பகலில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க. மச்சான் சார் விஷயம் தெரிந்து ஓடி வந்தார். "யாரைக் கேட்டுக்கிட்டு இதைச் செஞ்சீங்க?" என்று கேட்டார். "இப்போ படியிறங்கிப் போனாரே, அவரைக் கேட்டுதான்" என்றார் அக்கா.

விஷயம் லேப்களுக்குப் பரவிவிட்டது. ஒரு மாதம் முழுக்க ரிப்போர்ட்கள் திறந்து கிடந்தனவாமே என்று ஆளாளுக்குப் போன் செய்தார்கள், விளக்கம் எழுத்தில் வேண்டும் என்றார்கள். மச்சான் சார் விசாரணை என்று ஒரு கூட்டம் போட்டார். கிளவுடில் யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று தானாகவே பதிவாகும், அதை லாக் என்பார்கள். அதைத் திரையில் காட்டினார். கதவைத் திறந்தது யார்? 'அட்மின்'. அது யார் வேண்டுமானாலும் இருக்கலாம். கதவைத் தொட்ட ஆட்களில் பெயர் உள்ளவர் யார்? அக்கா ஒருவர்தான். தடைக் காலத்தில் அனுமதியில்லாமல் கை வைத்தவர் இவர், குளறுபடியெல்லாம் இவர் கை வைத்ததில் வந்தது என்று எழுதியே கொண்டு வந்திருந்தார். "சார், மூடினதுக்குத்தான் அக்கா பேர் இருக்கு. திறந்தது மண்டபத்துல நீங்க. நான் அங்கேயே நின்னுட்டு இருந்தேன்" என்றேன். "நீங்க டெஸ்டர். உங்ககிட்ட கேட்கறப்போ சொல்லுங்க" என்றார். அட்மின் கணக்கு அன்றைக்கு மண்டபத்து வைஃபையிலிருந்துதான் நுழைந்திருக்கிறது, அதுவும் பதிவில் இருக்கிறது என்று அக்கா காட்டினார். "மண்டபத்துல அன்னிக்கு ஊரே இருந்துச்சு" என்றார் அவர்.

சேர்மன் சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மேசையைப் பார்த்தபடி இருந்தார். அவருக்குத் தெரியும். அவர் கண்ணெதிரில்தானே நடந்தது. கூட்டம் முடிந்ததும் அக்காவைத் தனியாக அழைத்தார், நான் வாசலில் நின்றேன். இந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டால், ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் நல்லபடியாகக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன் என்றார். போடாவிட்டால் எதுவும் கிடையாது. ஐடியில் இருக்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். பழைய இடத்தில் கொடுக்கிற ரிலீவிங் லெட்டர் இல்லாதவரைப் புதிய இடம் வாசல்படிகூட மிதிக்க விடாது. "வீட்டு விஷயமாப் போச்சும்மா. என் சம்சாரத்தோட தம்பி. நீ கொஞ்சம் விட்டுக்கொடும்மா" என்று அவர் கெஞ்சுகிற மாதிரியே கேட்டார். "உங்க வீட்டு விஷயத்துக்கு என் பேரா சார்?" என்றார் அக்கா. கையெழுத்துப் போடவில்லை. டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கெட்டவர் இல்லை என்று சேர்மன் சாரைச் சொன்னேன். நல்லவராக இருப்பதற்கு அது போதாது.

அதற்குப் பிறகு நான் அங்கே அதிக நாள் இருக்கவில்லை. எனக்குச் சிரித்துக்கொண்டே ரிலீவிங் லெட்டர் கொடுத்தார்கள், கூட ஒரு சால்வையும் போர்த்தினார்கள். அக்காவுக்கு வந்த இன்டர்வியூக்கள் எல்லாம் ஒரே இடத்தில் போய் நின்றன. கேள்விக்கெல்லாம் பதில் சொல்வார், எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள், அப்புறம் பழைய கம்பெனியை விசாரிப்பார்கள், அப்புறம் போனையே எடுக்க மாட்டார்கள். தாம்பரம் மார்க்கெட் பக்கத்துக் கடைகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்தார், ஒரு பள்ளிக்கூடத்துக்கு வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டார். அவருடைய தகுதிக்கு அது எந்த மூலைக்கு? திறந்துவிட்டவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இப்போது அந்தக் கம்பெனிக்கு அவர்தான் டைரக்டர். தகவல் பாதுகாப்பு பற்றிக் கல்லூரிகளில் மைக் பிடித்துப் பேசுகிறார் என்று போட்டோ பார்த்தேன்.

நான் இப்போது சோழிங்கநல்லூரில் ஒரு பெரிய கம்பெனியில் டெஸ்டிங் குழுவுக்குத் தலைமை பார்க்கிறேன். சென்ற மாதம் கிளவுட் பாதுகாப்புக்கு ஆள் எடுத்தார்கள். இன்டர்வியூ குழுவில் நானும் ஒருத்தி. வந்த விண்ணப்பங்களில் அக்காவுடையதும் இருந்தது. முன்பே தெரிந்தவர் என்று சொல்லிவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன். மற்ற மூவரும் கேட்ட கேள்விகளுக்குப் பிறகு, இவரைத் தவிர வேறு யாரையும் பார்க்க வேண்டாம் என்று அவர்களாகவே எழுதிவிட்டார்கள். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை. இரண்டு வாரம் கழித்து எச்ஆரில் இருக்கிற பெண் என் மேசைக்கு வந்தாள். நல்ல பெண், வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை.

"மேடம், அவங்க வெரிஃபிகேஷன்ல ரெட் வந்திருக்கு. அனுமதியில்லாம சிஸ்டத்துல கை வெச்சாங்க, மறுபடி எடுக்கத் தகுதியில்லைன்னு பழைய கம்பெனி எழுதியிருக்காங்க. ரிஜெக்ட் பண்ணிடச் சொல்றாங்க" என்றாள்.

உட்காரச் சொன்னேன். மண்டபத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, பழைய கோபம் புதுசாக வந்தது. முடிந்ததும் அவள் ஒன்று கேட்டாள்.

"எல்லாம் சரி மேடம். அவங்க தப்பே பண்ணலைன்னா, அந்த லாக்ல அவங்க பேர் மட்டும் ஏன் மேடம் இருக்கு?"

"அந்த விஷயத்தைத் தொட்டவங்கள்ல, சொந்தப் பேர்ல வேலை செஞ்சது அவங்க மட்டும்தான்மா. அதனாலதான்."

மேலே அனுப்ப ஒரு வழி இருக்கிறது, ரெட் வந்த விண்ணப்பத்தை மறுபடி பார்க்கச் சொல்லி யாராவது காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் தலைமை எச்ஆருக்குப் போகும், ஆனால் பழைய கம்பெனிக்காரர்கள் வழக்கு அது இதென்று கிளம்பினால் எழுதியவரைத்தான் கேட்பார்கள் என்றாள். அவள் என்னைப் பயமுறுத்தவில்லை. உள்ளதைச் சொன்னாள். நான் அவள் எதிரிலேயே என் கணக்கில் நுழைந்து எழுத ஆரம்பித்தேன். யார் திறந்தார், எங்கிருந்து திறந்தார், யார் மூடச் சொன்னார், யார் மறுத்தார், கடைசியில் யார் மூடினார், அதையெல்லாம் நான் எங்கே நின்று பார்த்தேன். எழுதி முடித்து அனுப்பப் போகும்போது அவள் திரையில் கீழே இருந்த ஒரு கட்டத்தைக் காட்டினாள்.

"மேடம், இதை டிக் பண்ணா உங்க பேர் வராது. 'பேர் சொல்ல விரும்பாத ஊழியர்'னு போயிடும். நிறைய பேர் அப்படித்தான் போடறாங்க. உங்க பேர் வேணுமா மேடம்?"

"வேணும்மா" என்றேன்.